டஞ்சன் க்யூல தேயாம சீக்கிரம் உள்ள போகணும்னா எந்த வழி பெட்டர்?

ஆன்லைன் கேம்ல டஞ்சன்னா சின்ன டீமா உள்ள போய் பாஸ்களை அடிக்கிற இடம். அதுக்குப் போக டிபிஎஸ், அதாவது எதிரிய அடிக்கிற வேலை பாக்குற கேரக்டர் வச்சிருக்கவங்க எல்லாருக்கும் ஒரே புலம்பல்தான், க்யூ போட்டா வரவே மாட்டேங்குது. கேமைத் திட்டி பிரயோஜனம் இல்ல, கணக்கே அப்படி. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ல ஒரு டஞ்சனுக்கு அஞ்சு பேர், அதுல முன்னாடி நின்னு அடி வாங்குற டேங்க் ஒண்ணு, உயிர் ஏத்திவிடுற ஹீலர் ஒண்ணு, மீதி மூணு டிபிஎஸ். ஃபைனல் ஃபேன்டஸி 14ல மொத்தமே நாலு பேர், டிபிஎஸ்க்கு ரெண்டே சீட். ஒரு டேங்க் வந்தா மூணு டிபிஎஸ் உள்ள போகலாம், ஆனா வெளிய நிக்கிறது மூணு பேரா, பெரிய கும்பலே நிக்குது. அதனால எந்த வழிய எடுத்தாலும் நான் பாக்குறது ஒண்ணுதான், நாம இப்ப யாருக்காக காத்துக்கிட்டு இருக்கோம், அந்த ஆள் வர்றதுக்கு நம்ம கையில ஏதாவது இருக்கா இல்லையா.

முதல் வழி, கேமே தானா ஆள் சேர்த்துக் குடுக்குற ஆட்டோ க்யூ. வார்கிராஃப்ட்ல அதுக்கான டஞ்சன் ஃபைண்டர் 2009 டிசம்பர்லதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி எல்லாம் ஊர்ல நின்னு சாட்ல கத்தி ஆள் பிடிச்சு, அப்புறம் டஞ்சன் வாசல் வரைக்கும் நடந்து போகணும். 2019ல கேமோட பழைய வெர்ஷனை கிளாசிக்னு திரும்ப விட்டப்போ அதே கத்தல் திரும்ப வந்துச்சு, ஆஹா பழைய காலம்னு கொஞ்ச நாள் கொண்டாடுனாங்க, ஆனா அந்த வரிசைல பின்னாடி வந்த ராத் கிளாசிக்க 2022ல ஃபைண்டர் இல்லாமலே விட்டு, கடைசில 2023ல அதைக் கொண்டு வந்து சேர்க்க வேண்டியதாப் போச்சு. க்யூவோட ஒரே பெரிய பிளஸ், பட்டனை அமுக்கிட்டு நீங்க பாட்டுக்கு குவெஸ்ட் பண்ணலாம், வந்தா போலாம். மைனஸ், டிபிஎஸ்ஸா போட்டா உங்க கையில எதுவுமே இல்ல. பொறுமை இல்லாம பாதில ஓடி வந்தா கொஞ்ச நேரத்துக்கு மறுபடி க்யூ போடவும் விடாது.

அதே க்யூவ டேங்க்கா போட்டுப் பாருங்க, சீன் தலைகீழ். பல சமயம் பட்டன் அமுக்கின கையோட ரெடியான்னு கேட்டுடும். 2011ல இருந்தே வார்கிராஃப்ட்ல எந்த ரோலுக்கு ஆள் பத்தலையோ அந்த ரோல்ல வர்றவங்களுக்கு எக்ஸ்ட்ரா பை ஒண்ணு பரிசா குடுக்குறாங்க, ஃபைனல் ஃபேன்டஸிலயும் ரவுலட்ல, அதாவது எந்த டஞ்சன்னு கேமே தேர்ந்தெடுக்குற க்யூல, அந்த மாதிரி போனஸ் உண்டு. கம்பெனியே காசு குடுத்துக் கூப்பிடுதுன்னா எவ்ளோ பஞ்சம்னு யோசிச்சுக்கோங்க. வார்கிராஃப்ட்ல ட்ரூயிட், பாலடின், மாங்க் கிளாஸ் வச்சிருக்கவங்களுக்கு மூணு ரோலும் இருக்கு, புது கேரக்டர் வளர்க்க வேண்டியதில்ல, ஸ்பெக் (அந்தக் கிளாஸுக்குள்ள இருக்கிற பிரிவு) மாத்தினா போதும். ஃபைனல் ஃபேன்டஸில ஒரே கேரக்டர்ல எல்லா ஜாபும் (அங்க கிளாஸுக்கு அதான் பேரு) எடுக்கலாம், ஆனா ஒவ்வொண்ணையும் தனித்தனியா லெவல் ஏத்தணும்.

ஆனா டேங்க் ஏன் பஞ்சம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. வழி தெரியணும், எந்த எதிரிக் கும்பலை இழுக்கணும் எதை விடணும்னு தெரியணும், ஒரு தடவை அதிகமா இழுத்து எல்லாரும் செத்தா திட்டு மொத்தமும் உங்களுக்குத்தான், அதே டிபிஎஸ் ஒருத்தன் தீயில நின்னு செத்தா யாரும் கவனிக்கக்கூட மாட்டாங்க. க்யூ டைமை மிச்சம் பண்ணி அதை டென்ஷனா திருப்பிக் குடுக்குற டீல் இது. எனக்குப் பிடிச்ச நடுவழி ஹீலர், லீடர் வேலை இல்ல, க்யூவும் பெரும்பாலும் டிபிஎஸ்ஸ விட வேகம்.

இப்ப வார்கிராஃப்ட்ல மிதிக் ப்ளஸ், அதாவது டைம் வச்சு ஓடுற, லெவல் ஏற ஏற கஷ்டமாகுற டஞ்சன் பக்கம் வந்தா கதையே வேற, அங்க ஆட்டோ க்யூவே கிடையாது. 2016ல லீஜன் எக்ஸ்பான்ஷன்ல வந்ததுல இருந்து குரூப் லிஸ்ட் பாத்து அப்ளை பண்றதுதான். ஒரே நேரத்துல அஞ்சு குரூப்புக்கு அப்ளிகேஷன் போடலாம். போட்டதும் ஒண்ணொண்ணா டிக்ளைன், டிக்ளைன், டிக்ளைன். நீங்க மோசமான பிளேயர்னு இல்ல, லீடர் ஸ்கிரீன்ல டிபிஎஸ் அப்ளிகேஷன் மழை மாதிரி கொட்டுது, அவர் இதுவரைக்கும் முடிச்ச ரன்னுக்கு வந்த ஸ்கோரைப் பாப்பாரு, போட்டிருக்க ஆயுதம் கவசத்தோட ஐட்டம் லெவலைப் பாப்பாரு, அப்புறம் குரூப்ல ப்ளட்லஸ்ட் (மொத்த டீமையும் கொஞ்ச நேரம் வேகமாக்குற ஸ்பெல்) இருக்கா, சண்டை நடுவுல செத்தவங்கள எழுப்ப ஆள் இருக்கான்னு பாப்பாரு. ஷாமன், மேஜ், இவோக்கர், ஹன்டர்னா லஸ்ட் இருக்கு, வார்லாக், டெத் நைட்னா எழுப்பலாம், அந்தக் கிளாஸ்காரங்களுக்கு கொஞ்சம் சான்ஸ் கூட. ரெண்டும் இல்லாத ரோக் வச்சுக்கிட்டு அப்ளை பண்ணி உக்காந்திருக்கிறது பாவம்தான்.

டிபிஎஸ்ஸாவே இருப்பேன்னு பிடிவாதம் பிடிக்கிறவங்களுக்கு என்னோட ஓட்டு சொந்த கீ (மிதிக் ப்ளஸ் டஞ்சனைத் திறக்குற, எந்த லெவல்னு சொல்ற சாவி) வச்சு சொந்தமா குரூப் போடுறதுக்குத்தான். இதுல உங்களை யாரும் டிக்ளைன் பண்ண முடியாது, முதல் சீட் உங்களோடது. ஆனா இதுலயும் ஒரு நெளிவு சுளிவு இருக்கு. லிஸ்ட் போட்ட உடனே டிபிஎஸ் அப்ளிகேஷன்தான் குவியும், ஆசைப்பட்டு உடனே ரெண்டு பேரைச் சேர்த்துடாதீங்க, ஏன்னா அப்புறம் வர்ற டேங்க்குக்கும் ஹீலருக்கும் லஸ்ட் இல்லன்னா சரி பண்ண இடமே இருக்காது. டேங்க்கை முதல்ல பிடிங்க. லிஸ்ட்ல உங்க குரூப் பேருக்குப் பக்கத்துல எந்த ரோல் நிரம்பியிருக்குன்னு ஐகான் தெரியும், டேங்க் ஐகான் வந்துட்டாலே ஹீலருங்க தானா எட்டிப் பாப்பாங்க, அவங்களுக்கும் டேங்க்குக்காக காத்திருக்க பிடிக்காதுல்ல. கடைசி டிபிஎஸ் சீட்ட லஸ்ட்டோ எழுப்புறதோ எது இல்லையோ அதுக்கு வச்சுக்கோங்க. டைட்டில்ல டைமுக்குள்ள முடிக்கணுமா, சும்மா முடிச்சா போதுமான்னு ஒரு வார்த்தை எழுதுங்க, பாதி சண்டை அங்கயே குறைஞ்சிடும்.

ரிஸ்க் என்னன்னா கீ உங்களோடது, டைம் தாண்டினா சாதாரணமா ஒரு லெவல் இறங்கிடும், அடுத்தவன் கீல போனா அந்த நஷ்டம் அவனுக்கு. அதனால ஸ்கோர் கம்மியா இருக்கவங்க சின்ன லெவல் கீல ஆரம்பிச்சு ஏத்துறதுதான் ஓடும்.

என்பிசி பார்ட்டி, அதாவது ஆளுக்குப் பதிலா கம்ப்யூட்டர் கேரக்டர்களோட போற வழி பத்தி ஒரு வார்த்தை. ஃபைனல் ஃபேன்டஸில 2019ல ட்ரஸ்ட்னு வந்துச்சு, 2022ல டியூட்டி சப்போர்ட், வார்கிராஃப்ட்ல 2024ல ஃபாலோயர் டஞ்சன். காத்திருப்பு சுத்தமா இல்ல, யாரும் திட்ட மாட்டாங்க, டேங்க் கத்துக்க இத விட நல்ல இடம் கிடையாது. ஆனா ஃபாலோயர் நார்மல் லெவலோட நின்னுடும், ட்ரஸ்ட் ஆளுங்க அடிக்கிற அடி கொஞ்சம் மெதுவு. நல்ல ஆயுதம் கவசத்துக்காக திரும்பத் திரும்ப ஓடுறவங்களுக்கு இது ஆகாது.

கில்டு, அதாவது சேர்ந்து ஆடுற நிரந்தர குழு இருந்தா மேல சொன்ன எதுவுமே தேவையில்லன்னு சொல்வாங்க, உண்மைதான், ஆனா உங்க டைமுக்கு அவங்க ஆன்லைன்ல இருக்கணும், இருந்தாலும் கில்டுலயும் எட்டு டிபிஎஸ் ஒரு டேங்க்னுதான் பல இடத்துல நிலைமை. அதுக்குப் பதிலா நான் பண்றது, ரன் நல்லா போச்சுன்னா கடைசி பாஸ் விழுந்ததும் லூட் பாக்குறதுக்கு முன்னாடி டேங்க்குக்கு ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்பிட்டு, இன்னொரு கீ போலாமான்னு பார்ட்டி சாட்ல கேட்டுடுவேன், அவர் சரின்னா ஹீலரும் பெரும்பாலும் கூடவே நின்னுடுவாரு, அடுத்த லிஸ்ட் போடுறப்போ ஐகான் ரெண்டும் ஏற்கனவே எரிஞ்சுக்கிட்டு இருக்கும்.