வவுனியாவா, கிளிநொச்சியா? வன்னியில் வீடு கட்ட நினைப்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணியின் விலையைக் கேட்டு மலைத்துப்போனவர்களும், வெளிநாட்டிலிருந்து திரும்பிவர எண்ணுகிறவர்களும் வன்னிப் பக்கம் காணி தேடுகிறார்கள். மன்னாரும் முல்லைத்தீவும் பேச்சில் வந்து போகும். கடைசியில் வவுனியா, கிளிநொச்சி என்ற இரண்டு பெயர்களே நிற்கும். இரண்டும் கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் இருக்கின்றன, இடைத்தூரம் ஏறக்குறைய 75 கிலோமீற்றர். பஸ்ஸில் இருந்து பார்க்கிறவருக்குப் பெரிய வேறுபாடு தெரியாது: வீதியோரம் கடைகள், அவற்றின் பின்னால் வயல், குளம், காடு. எந்த ஊரில் வெயில் குறைவு என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். ஆவணி மாதத்தில் எந்த ஊர்க் கிணற்றில் தண்ணீர் நிற்கும் என்று கேட்பதே முறை.

வெயிலை முதலில் முடித்துவிடுவோம். இரண்டுமே உலர்வலய ஊர்கள். ஆண்டு மழை 1,250 முதல் 1,500 மில்லிமீற்றர் அளவில் இருக்கும்; அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவமழையில் கொட்டித் தீர்ந்துவிடும். சித்திரையில் இடியோடு சில பாட்டம் மழை கிடைக்கலாம். அதன்பின் புரட்டாதி வரை வறட்சிதான். வவுனியா கடலிலிருந்து விலகி, சுமார் 100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நண்பகல் வெப்பம் அங்கே அசையாமல் நிற்கும்; ஆனால் மார்கழி, தை இரவுகளில் போர்வை தேவைப்படும். கிளிநொச்சி தாழ்ந்த சமவெளி. வடக்கே கடல்நீரேரி, குறுக்கே தடுக்க மலை எதுவும் இல்லை. வைகாசியில் தொடங்கும் சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்தாலும் பின்னேரத்தில் விறாந்தையில் ஆட்களை உட்கார வைக்கும். அந்தக் காற்றின் வலுவை, அதே மாவட்டத்துப் பளையில் சுழலும் காற்றாலைகளிடம் கேட்டால் தெரியும். காற்றுக்காக மட்டும் தேர்ந்தெடுப்பதென்றால் நான் கிளிநொச்சிப் பக்கம்.

தண்ணீர்க் கதை நீளமானது. வவுனியா நகரைச் சுற்றியுள்ள ஊர்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், இறம்பைக்குளம், கூமாங்குளம், நெளுக்குளம். அடுத்தடுத்து அமைந்த இந்தச் சிறு குளங்கள்தான் அயல் கிணறுகளின் நீர்மட்டத்தைத் தாங்கி நிற்கின்றன. மாரியில் குளத்துநீர் ஏறிப் பரவும் அலைகரையை நிரவி வீடு கட்டுகிறவர் தன் கிணற்றையும் அயலவர் கிணற்றையும் சேர்த்தே மூடுகிறார். இதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. காணி மலிவாகக் கிடைக்கிறது என்று தயவுசெய்து அந்த நிலத்தை வாங்காதீர்கள். மாரியில் குளம் தன் இடத்தைத் திரும்பக் கேட்கும்.

வவுனியாவில் நிலத்தின் கீழே இருப்பது கடும்பாறை. மேலே சிதைந்த படையிலும் பாறை வெடிப்புகளிலும் தங்கும் நீர்தான் கிணற்றுக்கு வருகிறது. ஒரே வேலியின் இருபுறமும் இரண்டு கிணறுகள் வெட்டினால், ஒன்றில் ஊற்று கிடைக்கலாம், மற்றது கல்லில் முட்டி நிற்கலாம். கிடைக்கும் நீரும் பல இடங்களில் கடினநீர். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியைப் பாருங்கள்: சில வாரங்களிலேயே வெள்ளைப் படிவு செதிலாகப் பிடித்திருக்கும், கரண்டியால் சுரண்டினால் தகடாகக் கழன்று வரும். படிவு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வட மத்திய மாகாணத்தை வாட்டும் நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளிலும் இருக்கிறது. அதன் காரணம் பற்றி ஆய்வாளர்கள் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை. குடிநீர்மீதான சந்தேகம் மட்டும் நீங்கவில்லை. ஆகவே கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் குடிக்க வேண்டாம். குழாய்நீர் வந்து சேர்ந்த ஒழுங்கையில் காணி கிடைத்தால் கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடுங்கள்.

கிளிநொச்சியின் உயிர் ஒரே இடத்தில் இருக்கிறது: இரணைமடுக் குளம். அதன் வாய்க்கால்களில் சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெற்செய்கைக்கு, தண்ணீர் விடும் மாதங்களில் அருகிலுள்ள கிணறுகளின் மட்டம் கோடையிலும் ஏறும். தென்னங்கன்று வைத்து வளர்க்க ஆசைப்படுகிறவருக்கு இதைவிடப் பெரிய பேறு இல்லை. மழை பொய்த்து சிறுபோகம் சுருங்கும் ஆண்டில் கிணறும் சுருங்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தை விவசாயிகள் எதிர்த்தது இந்தப் பயத்தினால்தான். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பரந்தனைத் தாண்டி ஆனையிறவுப் பக்கம் போகப் போக உவர் கூடும். அங்கே காணி பார்க்கிறவர் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்த பின்பே விலை பேச வேண்டும்.

இரணைமடுவை நிரப்பும் கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தில் தொடங்குகிறது. அங்கே பெய்த மழை இங்கே வெள்ளமாக வந்து சேரும். கிளிநொச்சியில் வானம் வெளித்திருந்தாலும், மிகுநீரை வெளியேற்றும் இரணைமடு வான்கதவுகள் திறக்கப்படலாம். 2018 டிசம்பரில் அந்தக் கதவுகள் திறந்தபோது ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் கண்டாவளைப் பகுதி மூழ்கியது. அந்தப் பக்கம் வீடு கட்டுவதானால் அத்திவாரத்தை உயர்த்தியே ஆக வேண்டும்.

ஊர்களின் பின்னணி காணி உறுதியில் வந்து தலைகாட்டும். கிளிநொச்சி 1936இல் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய ஊர். யாழ்ப்பாணத்தில் நிலமில்லாதவர்களுக்குக் காடு வெட்டிக் கொடுக்கப்பட்டது. பிறகு இனக்கலவரங்களில் துரத்தப்பட்ட மலையகத் தமிழர்கள் இரு மாவட்டங்களிலும் வந்து கொத்திப் பண்படுத்தினார்கள். இன்றைய தோட்டங்களில் அவர்கள் வியர்வை இருக்கிறது. அவர்களில் பலருடைய காணிப் பிரச்சினை இன்னும் தீராமல் கிடப்பது நமக்கு வெட்கம். இந்த வரலாற்றால் கிளிநொச்சியில் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிகள் ஏராளம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அவற்றைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. தரகர் காட்டும் வெள்ளைத்தாள் ஒப்பந்தம் செல்லாது. வவுனியா நகரப் பக்கம் உறுதிக் காணி தேடுவது ஒப்பளவில் எளிது. விலையும் அதற்கேற்ப இருக்கும்.

வசதிகளில் வவுனியா முன்னால் நிற்கிறது. இன்று அது மாநகர சபை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மன்னாருக்கும் ஹொரவப்பொத்தானைக்கும் வீதிகள் பிரிகின்றன. கிளிநொச்சி இன்னும் கரைச்சிப் பிரதேச சபையின் கீழ்தான். ஆனால் அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இருக்கின்றன. 1990இல் நின்றுபோன ரயில் 2013 செப்டம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்பியது.

படிக்கும் பிள்ளைகளோ, மாதாந்தம் ஆஸ்பத்திரிக்குப் போகும் பெற்றோரோ வீட்டில் இருந்தால் வவுனியாவில், குழாய்நீர் வரும் ஒழுங்கையாகப் பாருங்கள். வளவு நிறைய மரம் வேண்டும் என்பவருக்கு நான் கிளிநொச்சியைச் சொல்வேன்: இரணைமடு வாய்க்கால் பாயும் பக்கம், சற்று மேட்டு நிலம், பெயர் மாற்றக்கூடிய காணி. எந்த ஊரானாலும் முற்பணம் கொடுக்கும் முன் அதே காணியை ஆவணியில் ஒருமுறையும் கார்த்திகையில் ஒருமுறையும் போய்ப் பாருங்கள். முதல் முறை அயல்வீட்டுக் கிணற்றை எட்டிப் பாருங்கள். அடுத்த முறை வெள்ளம் எந்த வேலிவரை வந்தது என்று அந்த வீட்டுக்காரரிடமே கேளுங்கள்.