லினக்ஸில் என் வெப்கேம்: ஓடுகிறது, ஆனால் எதுவும் நினைவில் நிற்பதில்லை

“விண்டோஸை விட்டுட்டு லினக்ஸுக்கு மாறப்போறேன். நீ வச்சிருக்கிற வெப்கேம் அதுல ஓடுதாடா? நானும் அதையே வாங்கிடட்டுமா?” என்று நண்பன் கேட்டிருக்கிறான். முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: ஓடுகிறது. இரண்டாவது கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதவேண்டியிருக்கிறது.

கேமரா எல்லோருக்கும் தெரிந்த ரகம்தான். 1080பி, ஆட்டோஃபோகஸ், உள்ளேயே மைக், மானிட்டர் தலையில் உட்கார ஒரு கிளிப். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை, பின்னால் திட்டப்போகிறேன். வாங்கி வருடக்கணக்காகிறது. வேலை நாள் தவறாமல் பயன்படுத்துகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். செருகியதும் படம் வந்தது. டிரைவர் தேடவில்லை, எதையும் இன்ஸ்டால் செய்யவில்லை, ரீஸ்டார்ட்கூட இல்லை. டெர்மினலில், செருகியிருக்கும் யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்யூஎஸ்பி’ கட்டளையைக் கிளை வடிவில் ஓட்டிப் பார்த்தால், வீடியோ வகுப்பு என்று ஒரு வரி, அதன் பக்கத்தில் யுவிசிவீடியோ என்று டிரைவர் பெயர். சங்கதி அவ்வளவுதான். யுவிசி என்பது யூஎஸ்பி கேமராக்களுக்கான பொதுத் தரம். அதன்படி செய்த கேமரா எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் ஒரே டிரைவர் போதும். லாரன்ட் பின்ஷார்ட் எழுதிய அந்த டிரைவர் 2008-இல், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 2.6.26 பதிப்பில் சேர்ந்தது. இன்று விற்கும் யூஎஸ்பி வெப்கேம்களில் அநேகமாக எல்லாமே இந்த வகை. (சில புது லேப்டாப்களில் யூஎஸ்பி வழியாக இல்லாமல் எம்ஐபிஐ என்ற வேறு இணைப்பு வழியாக இணைத்த கேமரா வருகிறது. அது தனி வம்பு. அதற்குள் இப்போது போகவேண்டாம்.)

அதற்கு முந்தைய காலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ‘செருகினால் ஓடும்’ என்பதன் அருமை தெரியும். அப்போது சிப்புக்கு ஒரு டிரைவர். பிலிப்ஸ் கேமராக்களுக்கான பிடபிள்யூசி டிரைவர் பட்ட பாடு பழைய ஆட்களுக்கு மறந்திருக்காது: பெரிய அளவுப் படத்தை விரிக்கும் பகுதி மட்டும் மூலநிரல் தராத தனி மாட்யூலாக இருந்தது. அது வந்து ஒட்டிக்கொள்ளும் கொக்கியை 2004-இல் கர்னலிலிருந்து எடுத்தார்கள். எழுதியவர் கோபித்துக்கொண்டு மொத்த டிரைவரையும் நீக்கச் சொல்லிவிட்டார். பிறகு லுக் சயார் என்பவர் அந்த மூடிய பகுதி எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்து எழுதித்தான் மீண்டும் உயிர் வந்தது. லினக்ஸில் வெப்கேம் ஓடாது என்று யாராவது இன்னும் சொன்னால், அவர் அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டவர். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

படம் வந்தது சரி, தத்தித் தத்தி வந்தது. இது கேமராவின் குற்றமும் இல்லை, லினக்ஸின் குற்றமும் இல்லை. வெறும் கணக்கு. கேமரா அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் வி4எல்2-சிடிஎல் கட்டளையில் கேமராவின் ஃபார்மட் பட்டியலைக் கேட்டால் இரண்டு பகுதியாக வரும். ஒன்று ஒய்யுஒய்வி, சுருக்காத படம். இன்னொன்று எம்ஜேபெக், ஒவ்வொரு ஃபிரேமும் ஜேபெக்காகச் சுருக்கியது. 1280×720 சுருக்காத படத்தில் ஒரு பிக்சலுக்கு 2 பைட். வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் 55 மெகாபைட்டைத் தாண்டுகிறது. யூஎஸ்பி 2.0-இல் இப்படித் தொடர்ந்து ஓடும் ஒரு கேமரா ஓடைக்குக் கிடைக்கும் உச்சமே சுமார் 24 மெகாபைட்தான். அதனால் ஒய்யுஒய்வியில் 720பி என்றால் என் கேமரா 10 ஃபிரேமோடு நின்றுகொள்கிறது, 1080பி என்றால் 5. எம்ஜேபெக்குக்கு மாற்றினால் அதே கேமரா 30 ஃபிரேம் தருகிறது. வீடியோ பதிவு செய்யும் ஓபிஎஸ்ஸிலும், குவ்க்வியூ என்ற கேமரா ஆப்பிலும் ஃபார்மட்டைக் கையால் தேர்ந்தெடுக்கலாம். பிரவுசர்கள் பெரும்பாலும் தாமாகவே சரியானதை எடுத்துக்கொள்கின்றன. ஒருமுறை மாற்றியதோடு இந்தப் பிரச்சினை தீர்ந்தது.

தீராத ஒன்றுதான் என்னை இதை எழுத வைத்தது.

மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடும் இடங்களில் டியூப்லைட்டும் சல்லிசான எல்இடி பல்பும் வினாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஒவ்வொரு துடிப்பும் 10 மில்லிசெகண்ட். கேமரா வெளிச்சத்தை வாங்கும் நேரம் 10, 20, 30 என்று அதன் மடங்காக இருந்தால் முழுத் துடிப்புகளாக வாங்கும், படம் நிலையாக இருக்கும். ஆனால் என் கேமரா தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 60 ஹெர்ட்ஸ் என்று நினைத்துக்கொண்டு வருகிறது. அதன் கணக்கு 8.33 மில்லிசெகண்ட். அரைகுறைத் துடிப்புகளாக வாங்குவதால், படத்தில் கறுப்புப் பட்டைகள் கீழிருந்து மேலாக மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும். வெள்ளைச் சுவர் பின்னால் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

மருந்து ஒரே வரி. பவர்_லைன்_ஃப்ரீக்வென்சி என்று ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. 0 என்றால் அணைத்தது, 1 என்றால் 50 ஹெர்ட்ஸ், 2 என்றால் 60. வி4எல்2-சிடிஎல்லில் 1 என்று வைத்த நொடியில் பட்டைகள் மறையும். கூடவே ஆட்டோஃபோகஸையும் அணைத்துவிடுவேன். பேசும்போது கையை ஆட்டினால் போதும், லென்ஸ் முகத்தை விட்டுவிட்டு விரலைத் தேடிப் போகும், பிறகு திரும்ப முகத்துக்கு வரும். எதிரில் இருப்பவர்களுக்குத் தலை சுற்றும். ஆட்டோவை அணைத்து, நான் உட்காரும் தூரத்துக்கு ஃபோகஸை ஒரு எண்ணில் நிறுத்திவிட்டால் படம் அவ்வளவு துல்லியம். இந்த விலைக்கு இப்படி ஒரு லென்ஸா என்று தோன்றும். அதுவும் உண்மை, எழுதித்தான் ஆகவேண்டும்.

இந்த அழகெல்லாம் கேமராவைக் கழற்றும் வரைதான். கழற்றி மாட்டினால் எல்லாம் போச்சு. மறுபடி 60, மறுபடி ஆட்டோஃபோகஸ். என் கேமரா மானிட்டரின் யூஎஸ்பி ஹப்பில் இருக்கிறது. மானிட்டர் தூங்கினால் ஹப்புக்கும் மின்சாரம் நின்றுவிடுகிறது. அதனால் நான் கழற்றவே வேண்டாம், சும்மா எழுந்து போய்விட்டு வந்தால் போதும். மீட்டிங்கில் நுழைந்ததும் யாராவது ஒருவர் “உங்க வீடியோல ஏதோ கோடு கோடா ஓடுது” என்பார். எனக்குத் தெரியாதா!

யாரைத் திட்டுவது என்று யோசித்துப் பார்த்தேன். கேமராக்காரர்கள் அமைப்புகளை மாற்ற ஒரு மென்பொருள் தருகிறார்கள், விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டும். அட்டைப்பெட்டியில் லினக்ஸ் என்ற பேச்சே கிடையாது, ஆகவே ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் கேமராவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் இந்த ஒரு எண்ணைச் சேமித்து வைக்க எத்தனை பைட் ஆகியிருக்கும்? கர்னல் பக்கம் போனால், கட்டுப்பாடுகளை நீட்டுவதோடு தன் வேலை முடிந்தது, எந்த மதிப்பு வேண்டும் என்பது பயனர் பக்கத்துச் சமாச்சாரம் என்பது அதன் நிலை. அதிலும் நியாயம் இருக்கிறது. லேப்டாப் தூங்கி எழும்போது கேமரா இணைப்பு அறாமல் இருந்தால், யுவிசிவீடியோ தன் கையில் இருந்த மதிப்புகளைத் திருப்பி எழுதும் அளவுக்குப் பொறுப்பான டிரைவர்தான் அது. இணைப்பே அறுந்து புதிதாக வந்து நின்றால், அதைப் பொறுத்தவரை அது புதுக் கேமரா.

மிச்சம் டெஸ்க்டாப். இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. ஸ்பீக்கர் சத்தம் எவ்வளவு இருந்தது என்பது மறுபடி பூட் செய்தாலும் நினைவில் இருக்கிறது. இரண்டு மானிட்டர்களில் எது இடது எது வலது என்று நினைவிருக்கிறது. மவுஸ் வேகம் நினைவிருக்கிறது. கேமரா என்று தேடினால், நான் பயன்படுத்தும் க்னோம் டெஸ்க்டாப்பின் அமைப்புகளில் எந்த ஆப் அதைத் தொடலாம் என்று அனுமதி கேட்கும் பக்கம்தான் வருகிறது. வெளிச்சம், ஃபோகஸ், ஹெர்ட்ஸ் எதற்கும் ஒரு சிலைடர்கூட இல்லை. சீஸ் என்ற பழைய கேமரா ஆப் இருந்த இடத்தில் க்னோம் 45-இல் ஸ்னாப்ஷாட் என்ற புதுக் கேமரா ஆப் வந்தது. பார்க்க லட்சணமாக இருக்கிறது. இந்த விஷயத்தில் அதுவும் கைவிரித்தது. மூன்று பேரும் அடுத்தவர் வேலை என்று விட்டுவிட்ட இடத்தில் என் முகத்தில் பட்டை ஓடுகிறது.

ஒரு கருவியைச் செருகியதும் என்ன செய்யவேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லிவைக்கும் யூடெவ் விதி ஒன்றை எழுதினால் தீரும். எழுதினேன், நன்றாகவே ஓடுகிறது. கேமராவின் வெண்டர் எண், புராடக்ட் எண் இரண்டையும் எல்எஸ்யூஎஸ்பியில் பார்த்துக்கொண்டு, அந்தக் கேமரா வந்து நின்றதும் வி4எல்2-சிடிஎல்லை ஓட்டு என்று ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். நண்பனுக்காக இரண்டு சங்கதி. கர்னல் 4.16-லிருந்து ஒரே கேமராவுக்கு வீடியோ0, வீடியோ1 என்று இரண்டு பெயர் வரும். இரண்டாவது படம் தராது, படத்தைப் பற்றிய துணைத் தகவலான மெட்டாடேட்டாவுக்கானது. விதியில் இன்டெக்ஸ் 0 என்று சேர்க்காவிட்டால் இரண்டாவதன் மேலும் கட்டளை ஓடும். அடுத்தது, வரிசை. ஆட்டோஃபோகஸை அணைத்த பிறகுதான் ஃபோகஸ் எண்ணை எழுத முடியும். அதுவரை அந்தக் கட்டுப்பாடு ‘செயலில் இல்லை’ என்று படுத்திருக்கும். வெளிச்சத்தை வாங்கும் நேரமான எக்ஸ்போஷருக்கும் அதே கதை. முதலில் கைமுறை, பிறகு எண். அந்த எண்ணின் அலகு 100 மைக்ரோசெகண்ட், ஆகவே 10 மில்லிசெகண்ட் வேண்டுமானால் 100 என்று எழுதவேண்டும். 30 ஃபிரேம் குறையாமல் இருக்க 300-க்கு மேல் போகவேண்டாம்.

இதோடு முடிந்தது என்று நிம்மதியாக இருந்தபோது ஒரு அப்டேட்டுக்குப் பிறகு ஆட்டோஃபோகஸ் திரும்பி வந்தது. பட்டைகள் வரவில்லை, ஃபோகஸ் மட்டும் பழையபடி அலைகிறது. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன். விஷயம் இதுதான்: கர்னலில் பெயர்களை மாற்றிவிட்டார்கள். ஃபோகஸ்_ஆட்டோ என்று இருந்தது ஃபோகஸ்_ஆட்டோமேட்டிக்_கன்டினியஸ் ஆகிவிட்டது, எக்ஸ்போஷர்_ஆட்டோ என்பது ஆட்டோ_எக்ஸ்போஷர். எல்லா டிரைவர்களிலும் ஒரே பெயர் இருக்கட்டும் என்று செய்தது, குறை சொல்ல முடியாது. பவர்_லைன்_ஃப்ரீக்வென்சி மட்டும் அப்படியே இருந்ததால்தான் பட்டை தப்பித்தது. யூடெவ் விதி தோற்றால் திரையில் ஒரு எழுத்துகூட வராது என்பதுதான் கொடுமை. வேலை செய்யவில்லை என்பதை லென்ஸ் அலைவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

டெர்மினல் பக்கம் வராதவர்களுக்கு குவ்க்வியூ இருக்கிறது. எல்லாக் கட்டுப்பாடும் சிலைடராக வரும், ஒரு புரொஃபைலாகச் சேமித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் திறந்து அந்த புரொஃபைலை ஏற்றவேண்டும், அவ்வளவே. படத்தைக் காட்டும் வேலையை ஒரு நேரத்தில் ஒரு ஆப்தான் பிடிக்க முடியும் என்பதால், மீட்டிங் ஓடும்போது திறந்தால் ‘டிவைஸ் பிஸி’ என்று வரும். முன்கூட்டியே செய்துவிட வேண்டும்.

மைக் பற்றி ஒரு வரி: அது தனி ஒலிக் கருவியாகவே வருகிறது, தொந்தரவு இல்லை, தரமும் இல்லை. கேமராவைச் செருகியதும் சில சமயம் தன்னையே டீஃபால்ட் மைக்காக ஆக்கிக்கொள்ளும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும். கிளிப் உறுதி. கேபிள் நீளம் போதும்.

ஆக, நண்பா, இந்தக் கேமரா லினக்ஸில் முதல் நொடியிலிருந்து ஓடும், படம் பிரமாதம், இத்தனை வருடத்தில் ஒருநாள்கூடக் கெட்டுப்போகவில்லை. வாங்காதே. ஆட்டோஃபோகஸே இல்லாத, நிலையான லென்ஸ் போட்ட ஒன்றை வாங்கு. கிளம்பும் முன் அது 50 ஹெர்ட்ஸில் தானாக நிற்கிறதா என்று ஏற்கெனவே வைத்திருக்கும் யாரையாவது கேட்டுக்கொள். “அப்ப உன்னோடதை எனக்குப் பாதி விலைக்குக் கொடுத்துட்டு நீயும் புதுசு வாங்கிக்கோயேன்” என்றால் அது நடக்காது. யூடெவ் கோப்பில் இதன் எண்கள்தான் இருக்கின்றன. இன்னொரு கேமராவின் ஃபோகஸ் எண்ணைத் தேடி உட்காரும் பொறுமை எனக்கு இப்போதைக்கு இல்லை.