திருகோணமலையில் கார் சீட் திருத்தப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்

68,500 ரூபாய். காலையிலிருந்து இந்த எண்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கோபத்தோடு எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை, தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். டவுனுக்குள் இருக்கிற ஒரு வாகன வயரிங் கடை. சீட் வேலை பார்க்கும்போது எதைக் கவனிக்கவேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்களுடையது பழைய மொன்டேரோ ஜீப். டிரைவர் சீட் சுவிட்சில் ஓடும். லீவுக்கு வந்த அத்தான் ஆறடி ஆள், சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நிலாவெளிக்குக் குளிக்கப் போய் வந்தார். சில நாள் கழித்து நான் ஏறிச் சுவிட்சை அமத்தினால் ஒன்றுமே இல்லை. முன்னுக்கு வரவில்லை, உயரவில்லை, சாயவில்லை, ஒரு 'டிக்' சத்தம்கூட இல்லை. நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் கூட. முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, பிரேக்கைக் கால் நுனியால் மிதித்துக்கொண்டு, அநுராதபுரச் சந்தியில் ஓட்டோக்காரர் எல்லாரும் வேடிக்கை பார்க்கத்தான் அந்தக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கடைக்காரர் என்னைவிட இளையவர். கதிரை போட்டார், பிளேன்டீ தந்தார். "அக்கா, எங்கட ஊர் ஆக்களிட்ட நான் காசு பாக்கிறதில்ல" என்றார். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். அப்புறம் மீற்றரை எடுத்து, சிவப்பு முனையைச் சீட்டுக்கடியில் இருந்த கனெக்டரிலும் கறுப்பு முனையைக் கதவுப் பக்கத்து போல்ட்டிலும் வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். 12.4 வோல்ட் என்று விழுந்தது. "பாருங்கோ, கரண்ட் நல்லா வருது, மோட்டர்தான் எரிஞ்சிட்டுது." கண்ணால் பார்த்துவிட்டேனே, வேறென்ன கேட்க? கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து ரீகண்டிசன் மோட்டர் (பாவித்ததைத் திருத்தியது) வரவேண்டும், முழுக் காசும் முதலே கட்டவேண்டும் என்றார். மோட்டர் 55,000, கூலி 9,000, ஸ்கேன் பண்ணியது 4,500. மொத்தம் 68,500, அங்கேயே எண்ணிக் கொடுத்தேன்.

ஐந்து நாள் கழித்து வண்டி வந்தது, சீட்டும் ஓடியது. இரண்டே நாள்தான். மூன்றாம் நாள் பழையபடி செத்துவிட்டது.

அதற்குப் பிறகு போன் எடுத்தால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கதை. பாஸ் கொழும்புக்குப் போயிட்டார். வெள்ளிக்கிழமை வாங்கோ. வெள்ளி போனால் கடை பூட்டு. நேரில் பிடித்தபோது, "ரீகண்டிசன் சாமானுக்கு வாரண்டி இல்லையே அக்கா, நான் அப்பவே சொன்னனான்" என்றார். சொல்லவே இல்லை! பில்லைப் பார்த்தேன், 'சீட் வேலை' என்று இரண்டு சொல்லும் 68,500 என்ற எண்ணும் மட்டும்.

நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீட்டு மாமா வந்தார், பஸ் டிப்போவில் வேலை செய்து ஓய்வெடுத்தவர். கதையைக் கேட்டதும் முதல் கேள்வி: "பிள்ளை, முன்னுக்குப் போக ஒரு மோட்டர், உயர ஒரு மோட்டர், சாய ஒரு மோட்டர். எல்லாம் ஒரே நாளில சாகுமா?" எனக்கு அப்படியே குளிர்ந்துவிட்டது. ஒன்று மட்டும் ஓடாவிட்டால்தான் அந்த மோட்டர், அதன் சுவிட்ச், அதன் வயர் என்று தேடவேண்டுமாம். எல்லாம் ஒன்றாக நின்றால் பொதுவாகக் கரண்ட் வருகிற வழி, இல்லையென்றால் எர்த், அதாவது கரண்ட் வண்டியின் உடம்பு வழியாகத் திரும்பிப் போகிற வழி. மாமாவும் அதே கனெக்டரில்தான் மீற்றரை வைத்தார், ஆனால் கறுப்பு முனையைக் கதவு போல்ட்டில் வைக்காமல் கனெக்டரிலேயே உள்ள எர்த் முனையில் வைத்தார். என்னைச் சுவிட்சை அமத்தச் சொன்னார். 12.4 அப்படியே ஒன்றுக்கும் கீழே விழுந்தது. கரண்ட் வருகிறது, திரும்பிப் போகத்தான் வழி சரியில்லை என்று அர்த்தமாம்.

கார்ப்பெட்டைத் தூக்கினால் எர்த் வயர் பூட்டிய போல்ட் முழுக்கத் துரு, வயர் நுனியில் பச்சைக் களிம்பு, சுற்றிவரக் கடல் மணல். குளித்துவிட்டு ஈரக்காலோடு பின்னால் ஏறுகிற பிள்ளைகள் டிரைவர் சீட்டுக்கு அடியில்தானே கால் நீட்டுவார்கள். (அது எங்கள் பிழைதான், ஒத்துக்கொள்கிறேன்.) மணல்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கிப் பூட்டியதும் சீட் 'ர்ர்ர்' என்று முன்னுக்கு வந்தது. கடைக்காரர் வயரை அங்கும் இங்கும் இழுத்ததில் இரண்டு நாள் தொட்டுக்கொண்டிருந்திருக்கும், அவ்வளவுதான். மாற்றிய மோட்டர் என்று சொன்னதில் பழைய தூசியும் மணலும் அப்பிக் கிடக்கிறது, போல்ட்டில் ஸ்பேனர் பட்ட அடையாளமே இல்லை. மாமா எடுத்த கூலி சீனி போடாத ஒரு தேத்தண்ணி. நான் அழுத கூலி 68,500.

சரி, சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். பியூஸை முதலில் பாருங்கள். சீட்டுக்கடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் கை வைக்காதீர்கள், அது எயார்பேக். மோட்டர் முனகுகிறது, சீட் நகரவில்லை என்றால் சீட் ஓடுகிற தண்டவாளத்தில் ஏதாவது சிக்கியிருக்கலாம். கழற்றிய பழைய சாமானைக் கையில் கேளுங்கள். முழுக் காசையும் முதலில் கட்டாதீர்கள்.

இன்னும் எழுத இருந்தேன், ஆனால் இப்போதுதான் கடைக்குத் திரும்பவும் போன் எடுத்தேன். "பாஸ் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிட்டார் அக்கா" என்கிறான் பெடியன். மணி ஐந்தே கால்.