பஞ்சிகாவத்தைப் பட்டறையில் சீரான பழைய குளிர்சாதனப் பெட்டி

அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் ஆகியவற்றை வெப்பத்தால் சுழலவைத்துக் குளிரூட்டும் பழைய வகைப் பெட்டியில் கொம்பிரசரே கிடையாது என்பதை அறியாத இரண்டு கடைகள், எங்கள் சுற்றுலா வீட்டு வண்டியில் குளிராமல் போன அத்தகைய பெட்டியைக் கண்டதும் புதியது வாங்கச் சொல்லிவிட்டன. மூன்றாவதாக நாடிய கொழும்பு பஞ்சிகாவத்தைப் பட்டறையின் முதியவர், எதையும் கழற்றுவதற்கு முன்பே ரசமட்டம் வைத்து வண்டி சரிந்து நிற்பதைக் காட்டி, சரிவில் திரவம் கொதிகலனுக்குத் திரும்பாமல் தேங்கிவிடும் என விளக்கினார். பிறகு அம்மோனியா நெடியோ குழாய்களில் மஞ்சள் படிவோ உள்ளதா எனத் தேடினார். இருந்திருந்தால் குளிரூட்டும் தொகுதியையே மாற்ற நேர்ந்திருக்கும்.

எரிவாயுவிலும் மின்சாரத்திலும் இயங்கும் இப்பெட்டி, 230 வோல்ட் மின்சாரத்தில் நன்றாகவே குளிர்ந்ததால், கோளாறு எரிவாயுப் பக்கம் என்பது உறுதியாயிற்று. சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்ததற்குப் பர்னரில் படிந்த கரியும் துருவுமே காரணம். பர்னருக்கு எரிவாயுவைச் செலுத்தும் ஜெட்டின் நுண்துளையை ஊசியால் குத்திப் பெரிதாக்கிவிடாமல் மதுசாரத்தில் ஊறவைத்த அவருடைய பொறுமை (எனக்கு அது வராது) பாராட்டத்தக்கது. கொழும்பின் புழுக்கத்துக்காகப் பின்புறத் துவாரத்தில் 12 வோல்ட் மின்விசிறி ஒன்றையும் பொருத்தினார்.

சொன்ன நாளுக்கு இரண்டு நாள் பிந்தியதும், பற்றுச்சீட்டு தராததும் குறைகளே. பெட்டி குளிரப் பல மணி நேரமாகும் என்பதால், வண்டியை எடுப்பதற்கு முன் அங்கேயே ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது.