டென்மார்க் பீச்சுக்கு சம்மர் ஹவுஸ் எடுக்கிறவங்க, கரண்ட் மீட்டரை உங்க கண்ணால பாக்காம நம்பர் போடாதீங்க

ஜெர்மனில ஹாம்பர்க், கீல், ஃப்ளென்ஸ்பர்க் பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேர் சம்மருக்கு டென்மார்க் பீச்சுக்கு பிளான் போட்டுட்டு இருப்பீங்க, குட்டிப் பசங்க இருந்தா அதவிட நல்ல இடம் பக்கத்துல கிடையாது, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா வாடகை வீட்டு விஷயத்துல போன ஜூன்ல நாங்க பட்டது வேற யாரும் படக்கூடாது. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிச்சிடுங்க, வீட்டுல புக் பண்றவர் யாரோ அவருக்கும் அனுப்புங்க.

நாங்க போனது ப்ளோவண்ட். ஜட்லாண்ட்ங்கிற தீபகற்பத்தோட மேற்குக் கோடி, டென்மார்க் நிலப்பரப்புக்கே மேற்கு எல்லை அதுதான். எங்க வீட்டுக்காரர், நான், 5 வயசுலயும் 2 வயசுலயும் ரெண்டு பசங்க, திருச்சியில இருந்து வந்திருந்த அத்தை, கூட இன்னொரு நண்பர் குடும்பம் அவங்க கைக்குழந்தையோட. ஸ்கூல் லீவு ஆரம்பிச்சிட்டா வாடகை ஏறிடும்னு ஜூன் கடைசி வாரம் எடுத்தோம். அத்தைக்கு ஜூன் மாசத்துலயும் குளிருது, அதனால உள்ளேயே சூடான ஸ்விம்மிங் பூல் இருக்கிற வீடாப் பாத்தோம். அங்க தான் ஆரம்பிச்சுது எல்லாம்.

அந்த ஊர் வழக்கம் தெரியாதவங்களுக்கு மொதல்ல இத சொல்லிடுறேன். டேனிஷ் சம்மர் ஹவுஸ் பெரும்பாலும் சனிக்கிழமைல இருந்து சனிக்கிழமை. சைட்ல காட்டுற வாடகை பெரும்பாலும் வீட்டுக்கு மட்டும்தான். கரண்ட் தனி, தண்ணி பல இடத்துல தனி, பெட்ஷீட் துண்டு தனி, கடைசி நாள் க்ளீனிங் தனி, அதுக்கு மேல ஒரு டெபாசிட். கரண்ட்டுக்கு வர்றப்போ ஒரு மீட்டர் ரீடிங், போறப்போ ஒரு ரீடிங், நடுவுல உள்ள யூனிட்டுக்கு காசு. சென்னைல ஹவுஸ் ஓனர் சப் மீட்டர் வச்சு யூனிட் கணக்குல வாங்குவாரே, அதே கதை. முறை தப்பில்ல, வெளிப்படையா எழுதித்தான் வச்சிருந்தாங்க, அத நான் குறை சொல்லல. பூல் இருந்தா அந்தத் தண்ணிய சூடா வைக்கிறதும் காத்துல ஈரத்த உறிஞ்சுற மெஷினும் ராத்திரி பகல் ஓடிட்டே இருக்கும், யூனிட் கண்டபடி ஏறும், அதுவும் தெரிஞ்சே தான் எடுத்தோம்.

சனிக்கிழமை சாயங்காலம் போய் சேந்தோம். ஆள் யாரும் இல்ல, வாசல்ல கீ பாக்ஸ், மெசேஜ்ல வந்த நம்பரைப் போட்டு சாவி எடுத்துக்கணும். டைனிங் டேபிள்ல ஒரு ஃபைல், அதுல மொத பக்கத்துல கையால எழுதின மீட்டர் ரீடிங் 61,480. வீட்ட வாடகைக்கு விட்ட கம்பெனியோட ஆப்ல 24 மணி நேரத்துக்குள்ள ஆரம்ப ரீடிங் போடுங்கன்னு மெசேஜ் வந்திருந்துச்சு. மீட்டர் இருக்கிறது பூலுக்குப் பக்கத்துல இருக்கிற மெஷின் ரூம்ல, அது பூட்டியிருந்துச்சு, சாவி எங்கன்னு எதுலயும் எழுதல. குழந்தைங்க பசில அழுதுட்டு இருக்காங்க, அத்தை நாலு மணி நேரம் கார்ல உக்காந்து கால் வீங்கி இருக்காங்க, அவங்களே எழுதி வச்ச நம்பர் தானேன்னு அந்த 61,480ஐ அப்படியே டைப் பண்ணி அனுப்பிட்டோம். இந்த ஒரு இடத்த மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க.

வீடு சுத்தமாவும் இல்ல. பூல் ஓரத்துல முடி, ஃப்ரிட்ஜ்ல யாரோ வச்சுட்டுப் போன பாதி பால், வெளிய இருக்கிற க்ரில்ல கொழுப்பு கருகி அப்பியிருந்துச்சு. அதோட "பீச் 400 மீட்டர்"னு போட்டிருந்தாங்க, அது காக்கா நேரா பறக்கிற தூரம், நடுவுல மணல் மேடு, வேலி, பைன் மரக்காடு, சுத்தி நடந்து போனா ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல. குழந்தை வண்டியோடயும் முட்டி வலி இருக்கிற அத்தையோடயும் அது நடக்கிற காரியமா சொல்லுங்க, தினமும் கார் எடுத்துட்டுத்தான் போனோம்.

ஆனா அந்த பீச்! அத சொல்லாம விட்டா அநியாயம். வெள்ளை மணல், அகலம்னா அப்படி ஒரு அகலம், தண்ணிக்குள்ள ரொம்ப தூரம் நடந்தாலும் முட்டியளவு தான் இருக்கு. ப்ளோவண்ட் முனைல இருந்து கடலுக்குள்ள ஹார்ன்ஸ் ரெவ்னு ஒரு நீளமான மணல் திட்டு போகுது, வட கடலோட பெரிய அலைய அது தடுத்துடுறதால தென் பக்கம் அமைதியா இருக்கு, அதான் அது குழந்தைங்க பீச். அந்த முனை பக்கம் மட்டும் நீரோட்டம் ஜாஸ்தி, அங்க இறங்க வேண்டாம். காத்து அடிக்கிற பொம்மை போட், ஃப்ளமிங்கோ எதையும் கடல்ல விடாதீங்க, கரைல இருந்து காத்து வீசினா கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள குழந்தையோட இழுத்துட்டுப் போயிடும். பீச்சுக்குப் போற வழில பச்சை போர்டுல ஒரு எழுத்தும் நம்பரும் இருக்கும், ஏதாவது ஆச்சுன்னா 112க்கு போன் பண்ணி அந்த நம்பர சொன்னா நேரா அந்த இடத்துக்கே வந்துடுவாங்க, போனதும் ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

மணல்ல ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன்காரங்க கட்டின பங்கர் நிறைய கிடக்கு. அதுல சிலதுக்கு 1995ல பில் உட்ரோன்னு ஒரு இங்கிலாந்து சிற்பி இரும்புல தலையும் வாலும் வச்சு கோவேறு கழுதையா மாத்திட்டார், கோவேறு கழுதைக்கு குட்டி பிறக்காது, அது மாதிரி இந்தப் போரும் இதோட முடியணும்னு அர்த்தமாம். என் பெரியவன் தினமும் அந்தக் கழுதைக்கு பிஸ்கட் ஊட்டப் போவான். வந்த மறுநாள் ஜூன் 23, அங்க சங்க்ட் ஹான்ஸ்னு ஒரு திருவிழா, ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் போகாத அந்த நாள்ல கடல் ஓரத்துல பெருசா நெருப்பு மூட்டி மேல ஒரு சூனியக்காரி பொம்மைய வச்சு எரிக்கிறாங்க, எல்லாரும் சுத்தி நின்னு பாடுறாங்க. அத்தை ஷால் போத்திக்கிட்டு "போகி மாதிரியே இருக்கும்மா"ன்னு சொல்லி ரொம்ப நேரம் பாத்துட்டே நின்னாங்க.

திங்கக்கிழமை பூல் தண்ணி ஜில்லுன்னு ஆயிடுச்சு. போன் பண்ணினோம், மெஷின் ரூம் சாவி இருக்கிற இடத்த அப்போ தான் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் உள்ள போய் ஸ்விட்ச்ச சரி பண்ணிட்டு அப்படியே மீட்டர பாத்திருக்கார். 62,690. ரெண்டே நாள்ல 1,210 யூனிட். வெளிய வந்து என்கிட்ட சொல்றப்பவே அவர் முகம் மாறிப் போயிருந்துச்சு. ஃபோட்டோ எடுத்தோம், உடனே கம்பெனிக்கு அனுப்பினோம், போனும் பண்ணினோம். "பூல் வீட்டுல அப்படித்தான் ஆகும், ஆரம்ப ரீடிங் நீங்களே பதிவு பண்ணது, மாத்த முடியாது." அவ்வளவு தான் பதில்.

சனிக்கிழமை காலைல கிளம்புறப்போ 63,310. கணக்கு போட்டுப் பாருங்க. திங்க சாயங்காலத்துல இருந்து சனி காலை வரைக்கும் நாலரை நாள்ல 620 யூனிட், ஒரு நாளைக்கு 138. அதே வீடு, அதே பூல், அதே ஆளுங்க, அப்போ மொத ரெண்டு நாளுக்கு 280 யூனிட்னே வச்சுக்கலாம், 1,210 எப்படி வரும்? அந்தப் பேப்பர்ல இருந்த நம்பர் நாங்க வந்த நாளோடதே இல்ல, எங்களுக்கு முன்னாடி தங்கினவங்க வந்தப்போ எழுதினதா தான் இருக்கணும். அவங்க ஓட்டின 930 யூனிட்டையும் எங்க தலைல கட்டிட்டாங்க. அவங்ககிட்டயும் அதுக்கு காசு வாங்கியிருப்பாங்க இல்லையா? அப்போ ஒரே கரண்ட்டுக்கு ரெண்டு தடவ காசு. இதத் தான் என்னால ஜீரணிக்கவே முடியல. அவங்க போறப்போ போட்ட ரீடிங் எதுவோ அதுதான் எங்க ஆரம்ப ரீடிங், அது கம்பெனி கைலயே இருக்கு, அத காட்டுங்கன்னு கேட்டா "இன்னொரு வாடிக்கையாளரோட தகவல், தர முடியாது"ன்னுட்டாங்க. பேர் வேண்டாம், அட்ரஸ் வேண்டாம், ஒரே ஒரு நம்பர் தானே கேட்டோம்.

மூணு வாரம் கழிச்சு டெபாசிட்ல பிடிச்சது போக மிச்சம் வந்துச்சு. 1,830 யூனிட், யூனிட் 3.25 குரோனர் (டென்மார்க் காசு), மொத்தம் 5,947.50 குரோனர். இதுல எங்களோடது இல்லாததே 3,000 குரோனருக்கு மேல, சுமார் 400 யூரோ. அது பத்தாதுன்னு "க்ரில் சுத்தம் செய்யப்படவில்லை"ன்னு 600 குரோனர். க்ளீனிங்குக்கு தனியா 1,500 குரோனர் கட்டியிருந்தோம். கட்டினாலும் பாத்திரம், ஃப்ரிட்ஜ், க்ரில், குப்பை இதெல்லாம் நம்ம வேலைன்னு கான்ட்ராக்ட்ல இருக்கும், பெரும்பாலான இடத்துல அப்படித்தான். ஆனா நாங்க அந்த க்ரில்ல தொடவே இல்லைங்க, அத்தை சுத்த சைவம், அந்தக் கருகின வாடைக்கே பக்கத்துல போகல.

க்ரில் காசு திரும்பி வந்துச்சு, அதுவும் நண்பரோட மனைவி வந்த அன்னைக்கே குழந்தை தவழ்றத எடுத்த வீடியோல பின்னாடி அந்த க்ரில் தெளிவா தெரிஞ்சதால. தேதி, நேரம் எல்லாம் இருந்துச்சு, வேற வழியில்லாம கொடுத்தாங்க. கரண்ட்டுக்கு மட்டும் "நல்லெண்ண அடிப்படையில்" 1,000 குரோனர் தர்றோம், கேஸ முடிச்சுக்கலாம்னு மெயில் வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் விட்டுடலாம்னார், நான் ஒத்துக்கல.

ஜெர்மனில இருக்கிறவங்களுக்கு ஒரு வழி இருக்கு, கேல் ஊர்ல இருக்கிற ஐரோப்பிய நுகர்வோர் மையம். வேற ஐரோப்பிய நாட்டு கம்பெனி மேல புகார்னா இலவசமா எடுத்துக்கிட்டு அந்த நாட்டு மையம் மூலமா பேசுவாங்க. ரெண்டு ஃபோட்டோ, கணக்கு, மெயில் எல்லாம் சேத்து அங்க அனுப்பியிருக்கேன். இன்னொன்னு, ஆன்லைன்ல வாங்கினா 14 நாளுக்குள்ள வேண்டாம்னு சொல்லலாமே, அந்த உரிமை தேதி போட்டு புக் பண்ற லீவு வீட்டுக்கு கிடையாது, அதனால கான்ட்ராக்ட்ட காசு கட்டுறதுக்கு முன்னாடியே படிங்க. டேனிஷ்ல "ஃபோர்ப்ரூ"ன்னா கரண்ட், தண்ணி செலவு, "ஸ்லுட்ரெங்யோரிங்"னா கடைசி க்ளீனிங், "லுஃப்ட்லினியே"ன்னு தூரத்துக்குப் பக்கத்துல இருந்தா காக்கா பறக்கிற தூரம், நடக்கிற தூரம் இல்ல, மேப்ல நடந்து போற வழி போட்டுப் பாத்துக்கோங்க.

போய் இறங்கினதும் பெட்டிய கார்ல இருந்து எடுக்கிறதுக்கு முன்னாடியே மீட்டர் எங்கன்னு தேடுங்க. கரண்ட் மீட்டர், தண்ணி மீட்டர் ரெண்டையும் ஃபோட்டோ எடுங்க, ரூம் பூட்டியிருந்தா அந்தப் பூட்டையும் எடுத்து உடனே மெயில் அனுப்புங்க, பேப்பர்ல யாரோ எழுதின நம்பர ஆப்ல போடவே போடாதீங்க. க்ரில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம்னு ஒரு அஞ்சு நிமிஷ வீடியோ. அழுக்கா இருந்தா அன்னைக்கே எழுத்துல சொல்லிடுங்க, லேட்டா சொன்னா எடுத்துக்க மாட்டாங்க.

அப்புறம் ஒரு வேண்டுகோள். போன ஜூன்ல, சங்க்ட் ஹான்ஸ் நெருப்புக்கு முந்தின வாரம், ப்ளோவண்ட்ல பைன் காட்டை ஒட்டி பூல் இருக்கிற வீட்டுல யாராவது தங்கியிருந்தா, இல்ல உங்க ஆபீஸ்ல, தெரிஞ்சவங்கள்ல யாராவது தங்கினாங்கன்னா, நீங்க கிளம்புறப்போ போட்ட மீட்டர் ரீடிங்க மட்டும் எனக்கு சொல்லுங்க. 62,400க்கு கிட்ட இருக்கும்னு நினைக்கிறேன்.