எஸ்க்யூஎல் சர்வர் டெவலப்பர் பதிப்பு: இலவசம் எதுவரை?

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் (தரவுத்தளம்) மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் 2022-இன் டெவலப்பர் பதிப்பை வெறும் கருவியாக எடைபோட்டால் குறை சொல்ல அதிகம் இல்லை. விலையுயர்ந்த மேல்நிலைப் பதிப்பான எண்டர்பிரைஸின் வசதிகள் அனைத்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆனால் உருவாக்கவும் சோதிக்கவும் மட்டுமே அதன் உரிமம் இடம் தருகிறது. வாடிக்கையாளரின் அன்றாட அலுவலை அதில் ஒரு நாள்கூட நடத்தக்கூடாது.

இந்தத் தாராளமே சிக்கலுக்கும் காரணம். டேபிளை (தரவு அட்டவணையை) நெடுநேரம் பூட்டிவைக்காமல், தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸை மறுபடி கட்டும் 'ஆன்லைன்' கட்டளையை இங்கே கொடுத்தால், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வேலை முடிந்துவிடும். அதே ஸ்கிரிப்ட், வாடிக்கையாளர் பணம் கொடுத்து வாங்கிய, எண்டர்பிரைஸுக்குக் கீழ்ப்படியான ஸ்டாண்டர்ட் பதிப்பில் ஓடும்போதுதான் பிழைச்செய்தியோடு நின்றுபோகும். குறிப்பிட்ட பதிப்புக்கே உரிய வசதிகளைப் பட்டியலிடும் சிஸ்டம் வியூ (உள்ளமைந்த தகவல் அட்டவணை) ஒன்று உண்டு என்றாலும், டேட்டாபேஸில் நிலையாகப் பதிந்தவை மட்டுமே அதில் தெரியும். இத்தகைய கட்டளைகள் அதன் கண்ணில் படுவதில்லை. 2025 வெளியீட்டில் ஸ்டாண்டர்டின் வசதிகளை மட்டும் கொண்ட ஸ்டாண்டர்ட் டெவலப்பர் என்றொரு தனிப் பதிப்பைச் சேர்த்திருப்பது, தாமதமானாலும் சரியான திருத்தம்.

எஸ்க்யூஎல் சர்வரின் சிறிய வடிவமான எக்ஸ்பிரஸ் பதிப்பை வாடிக்கையாளரின் நேரடிப் பயன்பாட்டிலும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம். 2022 வெளியீட்டில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி என்பது வரம்பு. மாற்றங்களைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பு இந்தக் கணக்கில் சேராது. ஒரு கடையின் பில் மென்பொருள் இதில் ஓடுகிறது என்றால், வரம்பைத் தொட்டதும் பழைய பில்களைப் பார்க்க முடியும், புதிய பில் போட முடியாது. அதாவது தொழில் நன்றாக நடக்கத் தொடங்கும் வேளையில்தான் கட்டணம் கதவைத் தட்டுகிறது. அடுத்த படியான ஸ்டாண்டர்டை, கணினிச் செயலியின் கோர் (செயலகம்) கணக்கில் வாங்கினால், குறைந்தது 4 கோர்களுக்குப் பணம் கட்ட வேண்டும். 2025 எக்ஸ்பிரஸில் வரம்பு 50 ஜிபியாக உயர்ந்திருப்பதால் மூச்சுவிடச் சற்று இடம் இருக்கிறது.

ஆரக்கிள் நிறுவனத்தின் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல் வேறு வகை. அதன் இலவசக் கம்யூனிட்டி பதிப்பை நம் சர்வரிலேயே வைத்து இணையதளம் நடத்துவோருக்குக் கவலை இல்லை; மூலநிரலை மூடிவைத்த பொருளோடு அதைப் பிணைத்து விற்பவர்தான் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் நிபந்தனைகளைப் பார்த்துவிட்டு, தேவையானால் ஆரக்கிளிடம் வணிக உரிமம் வாங்க வேண்டியிருக்கும். இன்னொரு திறமூல டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸில் பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் உடன்வைத்தால் போதும். கற்பதற்கும் விற்பதற்கும் ஒரே உரிமம். எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸோ யாருடைய பதிப்புரிமையும் இல்லாத பொதுச்சொத்து, அப்படியிருந்தும் சட்டப்பிரிவினர் கையில் ஒரு தாள் கேட்கும் நிறுவனங்களுக்காக அதை உருவாக்கியவர்கள் ஓர் உரிமப்பத்திரம் விற்கிறார்கள்!

வாடிக்கையாளரிடம் எஸ்க்யூஎல் சர்வர் உரிமம் ஏற்கெனவே இருந்தால் டெவலப்பர் பதிப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். விற்பனைப் பொருளைப் புதிதாகத் தொடங்குபவருக்கு என் தேர்வு போஸ்ட்கிரெஸ்.