நேப்பிள்ஸில் ஒரு பகல்: பொம்பெய், ஹெர்குலேனியம், காப்ரி - எதற்குப் போவது?

மத்தியதரைக் கடலைச் சுற்றிவரும் உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் காலையில் இத்தாலியின் நேப்பிள்ஸை அடைந்து, மாலையிலேயே புறப்பட்டுவிடுகின்றன. இடைப்பட்ட எட்டு அல்லது ஒன்பது மணி நேரத்தில் எங்கே போவது என்பதற்குப் பயணிகள் மூன்று விடைகளைச் சொல்வது வழக்கம்: எரிமலையில் புதைந்த பழைய ரோமானிய நகரங்களான பொம்பெய், ஹெர்குலேனியம், பிறகு காப்ரித் தீவு. மூன்றுமே பார்க்கத் தக்கவை என்பதால் அழகை வைத்துத் தரம் பிரிப்பதில் பயனில்லை. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் சென்றால் கட்டணம் பன்மடங்கு ஆகும்; ஆனால் அந்தப் பேருந்து நெரிசலில் சிக்கினால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவருக்காகக் கப்பல் காத்திருப்பதில்லை. அவர் சொந்தச் செலவில் அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். ஆகவே, தனியே கிளம்புகிறவர் ஒவ்வோர் இடத்தையும் அங்கிருந்து திரும்ப எத்தனை வழிகள் உள்ளன, ஒன்று அடைபட்டால் மற்றொன்று கைகொடுக்குமா என்ற கணக்கில்தான் எடை போட வேண்டும் என்பது என் கருத்து.

நேப்பிள்ஸுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ரோமுக்குப் போக வேண்டுமென்றால் சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் இறங்கி நெடுந்தூரம் ரயிலில் செல்ல வேண்டும். இங்கோ கப்பல் நகரத்தின் நடுவிலேயே நிற்கிறது. துறைமுக முனையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே காஸ்டெல் நுவோவோ கோட்டை தெரியும். அதையொட்டி முனிச்சிப்பியோ மெட்ரோ நிலையம் இருக்கிறது. தீவுகளுக்குச் செல்லும் விரைவுப் படகுகள் புறப்படும் மோலோ பெவெரெல்லோ துறையும் சில நிமிட நடைதான்.

பொம்பெய் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மெட்ரோவில் கரிபால்டி நிலையம் சென்று, அங்கிருந்து சிர்கும்வெசுவியானா எனப்படும் புறநகர் ரயிலில் சொரெண்டோ திசையில் ஏறி, பொம்பெய் ஸ்காவி நிலையத்தில் இறங்க வேண்டும். பயணம் முப்பத்தைந்து முதல் நாற்பது நிமிடம் வரை ஆகலாம். இறங்கியதும் அகழ்விடத்தின் மரீனா வாயில் அருகிலேயே உள்ளது. சீட்டு விலை சில யூரோக்கள்தாம், ஆனால் வசதியும் அந்த அளவுக்குத்தான். கோடையில் பெட்டிகள் நிரம்பி வழியும், பிக்பாக்கெட் அடிப்பவர்களுக்குப் பெயர்போன தடம் இது. ரயில் கரிபால்டிக்கு முந்தைய போர்ட்டா நோலானாவிலிருந்து கிளம்புவதால், உட்கார இடம் வேண்டுவோர் அங்கேயே போய் ஏறுவது நல்லது. பழைய நகரின் பரப்பு சுமார் 66 ஹெக்டேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு தோண்டப்பட்டுள்ளது. மூன்று மணி நேரத்துக்குக் குறைவாகப் பார்த்தால் பார்த்ததாகவே ஆகாது. நிழல் மிகக் குறைவு, பாவுகற்கள் கணுக்காலைப் பதம் பார்க்கும். 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மட்டுமே அனுமதி என்றும், நுழைவுச்சீட்டில் பெயர் இருக்க வேண்டும் என்றும் விதித்துள்ளதால், முன்பதிவு செய்துகொண்டு அடையாளச் சான்றுடன் போவதே பாதுகாப்பு. பெரிய பைகளுக்கு உள்ளே இடமில்லை. திரும்பும் வழியைப் பொறுத்தவரை, ரயில் நின்றுபோனால் டாக்ஸி உண்டு. ஆனால் தூரம் காரணமாகச் செலவு கூடும், நெடுஞ்சாலையும் மாலையில் நெரியும்.

ஹெர்குலேனியமும் அதே ரயில் தடத்தில்தான் உள்ளது, ஆனால் பாதித் தொலைவில். எர்கோலானோ ஸ்காவி நிலையம் வரை இருபது நிமிடம். அங்கிருந்து கடலை நோக்கி நேராக இறங்கும் தெருவில் பத்து நிமிடம் நடந்தால் அகழ்விடம். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பெயின் மேல் நுரைக்கல்லும் சாம்பலும் மழையாகப் பொழிந்து நான்கு முதல் ஆறு மீட்டர் வரை மூடின. கூரைகள் பாரம் தாங்காமல் இடிந்தன. ஹெர்குலேனியத்தின் மீது கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த பாய்ச்சல் இறங்கி, சுமார் இருபது மீட்டர் ஆழத்துக்கு அதைப் புதைத்தது. அந்த வெப்பம் மரத்தை எரித்துச் சாம்பலாக்காமல் கரியாக்கி நிறுத்திவிட்டதால், பொம்பெயில் காணக் கிடைக்காத உத்தரங்களும் கதவுகளும் கட்டில்களும் மாடி அறைகளும் இங்கே எஞ்சியிருக்கின்றன. ஒரு வீட்டில் கூடத்தைத் தடுக்கும் மரத் தட்டியே அதன் இடத்தில் நிற்கிறது. பழைய கடற்கரையில் இருந்த படகுக் கொட்டில்களில் தஞ்சம் புகுந்த சுமார் முந்நூறு பேரின் எலும்புகள் 1980-களிலிருந்து கண்டெடுக்கப்பட்டன. மேலே நின்று குனிந்து பார்க்கும்போது நகரம் ஒரு பள்ளத்துக்குள் கிடப்பதுபோல் தெரிவதே, எவ்வளவு மண் அதன்மேல் இருந்தது என்பதைச் சொல்லிவிடும். திறந்துள்ள பகுதி சிறியது என்பதால் இரண்டு மணி நேரம் தாராளம். ரயில் நின்றாலும் பத்துக் கிலோமீட்டர் அளவிலான டாக்ஸிப் பயணம் எவருடைய பணப்பையையும் கிழித்துவிடாது.

இங்கேதான் ஹெர்குலேனியம் முந்துகிறது. காலை எட்டரைக்குத் திறக்கும் அகழ்விடத்தைப் பதினொன்றரைக்குள் முடித்துவிட்டால், நகருக்குத் திரும்பித் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தையும் அதே நாளில் பார்க்கலாம். கரிபால்டியிலிருந்து மெட்ரோவின் முதல் தடம் நேராக ‘மூசேயோ’ நிலையத்தில் இறக்கிவிடும். இரு நகரங்களிலிருந்தும் எடுத்த சுவரோவியங்களும் வெண்கலச் சிலைகளும் அங்கேதான் உள்ளன. பொம்பெயின் வெறும் சுவர்களைப் பார்த்து ஏமாந்தவர்கள் தேடியது இந்தக் கட்டடத்துக்குள்தான் இருக்கிறது. நம்மவர்களுக்கு அங்கே இன்னொரு காரணமும் உண்டு: 1938-இல் பொம்பெயின் ஒரு வீட்டில் கிடைத்த, ஒரு சாணுக்குச் சற்று அதிகமான உயரமுள்ள இந்திய யானைத் தந்தச் சிலை. பொம்பெய் லட்சுமி என்று பெயர் வழங்கினாலும் அது ஒரு யட்சியாக இருக்கலாம் என்பதே பலருடைய கருத்து. முசிறியிலிருந்து மிளகு ஏற்றிச் சென்ற கப்பல்களின் காலத்துக்கு இதைவிட நேரான சாட்சி வேறு எங்கே கிடைக்கும்? சிற்றின்ப ஓவியங்களை வைத்திருக்கும் ‘இரகசிய அறை’யில் இது இருப்பதால், குழந்தைகளுடன் போகிறவர்கள் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளலாம். அருங்காட்சியகத்திலிருந்து கப்பலுக்கு மெட்ரோவில் மூன்றே நிறுத்தங்கள். மெட்ரோ இல்லாவிட்டாலும் நடந்தே வந்துவிடலாம்.

காப்ரி மூன்றிலும் கண்ணுக்கு இனியது. என் கணக்கில் மூன்றாவது இடம். விரைவுப் படகு ஐம்பது நிமிடத்தில் சேர்த்துவிடுகிறது. மரீனா கிராந்தேயில் இறங்கி, கயிற்றிழுவை ரயிலில் ஏறி ஊருக்குள் போகலாம். தீவின் மற்றோர் ஊரான அனகாப்ரியிலிருந்து நாற்காலித் தூக்கியில் 589 மீட்டர் உயரமுள்ள சொலாரோ மலைக்கு ஏறினால் கிடைக்கும் காட்சிக்கு ஈடில்லை. ஆனால் நீலக் குகைக்குச் சிறு துடுப்புப் படகில் படுத்துக்கொண்டுதான் நுழைய முடியும்; சற்று அலை எழுந்தாலே மூடிவிடுவார்கள். தீவிலிருந்து திரும்பும் வழியும் கடல் ஒன்றே. காற்று வலுத்தால் விரைவுப் படகுகள் முதலில் நிறுத்தப்படும். பெரிய படகுகள் சற்றுத் தாக்குப்பிடிக்கும் என்றாலும் அவற்றுக்கு எண்பது நிமிடத்துக்கு மேல் ஆகும், எண்ணிக்கையும் குறைவு. கோடைப் பிற்பகலில் இருக்கைகள் நிரம்பிவிடும். அப்படியும் போக விரும்புகிறவர் காலையிலேயே திரும்பும் சீட்டையும் எடுத்துக்கொண்டு, கப்பலின் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகக் கிளம்பும் படகைப் பிடிப்பது என்று உறுதி கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் தீவில் கழிக்கக் கிடைப்பது நான்கு மணி நேரத்துக்கும் குறைவு.

அமால்பிக் கடற்கரையை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஒற்றைச் சாலையை நம்பித் தனியே போகும் இடம் அதுவல்ல.

இந்த முடிவை மாற்றக்கூடியது கிழமைதான். அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. கப்பல் செவ்வாயன்று வந்தால், ஹெர்குலேனியத்துடன் இணைப்பதற்கு ஒன்றுமில்லாததால் முழு நாளையும் பொம்பெய்க்கே கொடுத்துவிடலாம். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களிலும் அகழ்விடங்களிலும் நுழைவு இலவசம் என்பதால் உள்ளூர்க் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். அன்று ஹெர்குலேனியமே நெரிசலுக்குச் சற்றுத் தாங்கும். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தங்கள் பெரும்பாலும் முன்னறிவிப்புடன் வருகின்றன. முந்தைய இரவே பார்த்து, அப்படி ஒன்று இருந்தால் கட்டணத்தை முன்பே பேசிக்கொண்டு டாக்ஸியில் ஹெர்குலேனியத்துக்குப் போய்வரலாம், அல்லது அருங்காட்சியகத்தோடு நேப்பிள்ஸின் பழைய பகுதியான ஸ்பக்கனாப்போலித் தெருக்களில் நடந்து நாளை முடித்துக்கொள்ளலாம்.